ஹெப்பிள்டன் துறைமுகத்தின் ஒரே கப்பல்

1924-ஆம் ஆண்டு ஹெப்பிள்டனில் நூறு வீடுகளுக்கு மேல் ரேடியோ இருந்தது. பரணில் கம்பி, துணி காயும் கொடியோடு கொடியாகக் கம்பி, கோழிக்கூண்டின் மேல் கம்பி. அத்தனை பேரும் அனுமதிச் சீட்டு இல்லாமல்தான் கேட்டார்கள். அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. முறைப்படி விண்ணப்பம் போட்டவள் ஊரிலேயே ஒருத்திதான். அவள் பெயர் லவினியா ஹோல்ராய்ட். ஆகவே அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் வேறு யாரையும் குறைசொல்ல அவளுக்கு வாயில்லை.

லவினியா இருபது ஆண்டுகள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதியவள். காலிக் கட்டம் போட்ட காகிதம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அவளுக்கு அடுப்பில் வைத்த பால் நினைவிருக்காது. கேள்வியைச் சரியாகப் படித்து உண்மையான பதிலை அழகான கையெழுத்தில் எழுதினால் உலகமும் சரியாக நடந்துகொள்ளும் என்று ஐம்பத்தோரு வயது வரைக்கும் அவள் நம்பியிருந்தாள். அவ்வளவு வயதான நம்பிக்கை வேறெதுவும் அவளிடம் இல்லை. சேப்பல் என்ற ஊர்ச் சிறு தேவாலயத்தில் பெற்ற நம்பிக்கைகூட நடுவில் இரண்டு வருடம் ஆட்டம் கண்டிருக்கிறது.

அவள் கணவன் அமோஸ் பருத்தி ஆலையில் பஞ்சு சீவும் அறையில் முப்பது வருடம் நின்றவன். அறையிலிருந்த தூசியில் பாதி அவன் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. அதற்கு முன்னால் சேப்பல் பாடகர் குழுவில் அவன்தான் அடித்தொண்டைக் குரல். அவன் ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இப்போது மாடிப்படி ஏறினாலே நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. தினமும் புல்மேட்டுக்குப் போய்க் காற்று வாங்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மெல்ல நடந்தால் அரைமணி நேரம். அடுத்த குளிர்காலத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதை இருவருமே கவனித்தார்கள்.

அந்த வருடம் ஜூன் இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, அவர்களுடைய சேப்பல் குழு மான்செஸ்டர் ரேடியோ நிலையத்திலிருந்து பாடப்போவதாக ஜனவரியிலேயே செய்தி வந்தது. அமோஸுக்கு அதைக் கேட்டாக வேண்டும். ஆனால் அவர்கள் வீடு பள்ளத்தில், ஆலைக்கும் இரும்புப் பாலத்துக்கும் நடுவில் இருந்தது. அங்கே ரேடியோவை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் இருமல்தான் கேட்கும். மேட்டில் வைத்தால் கேட்கும். மேட்டில் வீடு கிடையாது, ஆடுகள்தான் இருந்தன.

அதனால் அமோஸ் ரேடியோவைத் தொப்பியில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த கறுப்பு வட்டத் தொப்பி அது. தொப்பியின் மேற்பகுதியைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். உச்சியில் கொண்டைக்கடலை அளவு படிகக் கல். அதை மெல்லிய கம்பி ஒன்று சரியான இடத்தில் தொட வேண்டும். அதற்குப் பூனைமீசை என்று பெயர். இரண்டு பக்கமும் ஹெட்ஃபோன். ஒரு கம்பி கீழே இறங்கி இரும்புப் பூண் போட்ட கைத்தடிக்குப் போகும். கைத்தடியை மண்ணில் குத்தினால்தான் சத்தம் வரும், எடுத்தால் போய்விடும். இன்னொரு கம்பியின் நுனியில் கொக்கி; அதை, மேட்டில் ஆடு வளர்க்கும் ஜேபஸின் வேலியில் மாட்டினால் கால் மைல் நீள வேலியும் ரேடியோவுக்குக் காது கொடுக்கும். ஆடு வேலியில் முதுகைச் சொறிந்தால் மட்டும் வயலின் காணாமல் போகும்.

"ஏய் அமோஸு, தொப்பிக்குள்ள கோழி அடைகாக்குதா?" என்று ஜேபஸ் முதல் நாளே கேட்டான்.

"ஆமா. முட்டை பொரிச்சா ஒண்ணு தர்றேன்."

லவினியாவுக்குச் சிரிப்பு வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. அதைத் தொடர்ந்து, வழக்கம்போல, கவலை வந்தது.

"அனுமதிச் சீட்டு வாங்கணும்" என்றாள் அன்றிரவு.

"எல்லாரும் சும்மாதான கேக்கறாங்க, வின்னி?"

"எல்லாரும் நடுத்தெருவுல தலையில வச்சுக்கிட்டுப் போகல. பிடிச்சா தொப்பியைப் பறிச்சுக்குவாங்க. ஜூன்ல என்ன பண்ணுவே?"

"ஓடிருவேன்."

"நீயா? படி ஏற முடியல."

அவள் விண்ணப்பத்தை எழுதினாள். நான்காவது கேள்வி: "கருவி எந்தக் கட்டடத்தில் பொருத்தப்பட்டுள்ளது?" வேறு யாராக இருந்தாலும் வீட்டு முகவரியை எழுதித் தொலைத்திருப்பார்கள். லவினியா கேள்வியை இரண்டுமுறை படித்து, மையைத் தொட்டு, உண்மையை எழுதினாள்: "என் கணவரின் தலையில்."

மூன்று வாரத்தில் அனுமதி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. "தங்கள் விண்ணப்பத்தின் நான்காம் பத்தியைப் பொறுத்து, மேற்படி தலையின் கதவிலக்கம், மாடிகளின் எண்ணிக்கை, உரிமையாளரின் சம்மதம் ஆகியவை குறிப்பிடப்படவில்லை."

"மேல்மாடி காலின்னு எழுது" என்றான் அமோஸ்.

அவள் அப்படி எழுதவில்லை. கதவிலக்கம் கிடையாது, மாடி ஒன்று, உரிமையாளரே குடியிருக்கிறார், சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதினாள். அது வேடிக்கையான பதில் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒரே இனம்.

மார்ச் மாதம் ஆய்வாளர் கிரிம்ஷா நேரில் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். அளவு நாடாவும் ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். டீயை மறுத்தார், பிறகு குடித்தார். கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பதிய வேண்டும் என்றார். அமோஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றான். அளந்தார். உட்காரச் சொன்னார். அளந்தார்.

"ரெண்டு உயரம் வருதே. படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு."

"முழங்கால் போட்டா மூணாவது வரும்" என்றான் அமோஸ்.

"முழங்கால் போடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை."

கிரிம்ஷா உண்மையிலேயே கலங்கினார். முழங்காலிட வைத்தும் அளந்தார். "இதுல நீங்க எதுல அதிக நேரம் இருப்பீங்க?"

"படுத்துத்தாங்க. டாக்டர் சொன்னது."

"படுக்கறப்ப தொப்பி போடுவாரா?" என்று லவினியாவிடம் கேட்டார்.

"இதுவரைக்கும் இல்ல" என்றாள் லவினியா. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு பையைத் திறந்தார். உள்ளே சிவப்பு அரக்கும் மெழுகுவத்தியும் இருந்தன. "முடிவு வர்றவரைக்கும் கருவி இயங்கக் கூடாதுங்க. விதி அது" என்று சொல்லி, படிகக் கல்லின்மேல் அரக்கைச் சொட்டி முத்திரை குத்தினார். முத்திரை அழகாக விழுந்தது. பூனைமீசை அரக்குக்குள் அகப்பட்டுக்கொண்டது.

மார்ச், ஏப்ரல், மே. மேட்டில் காற்று வாங்கும் நேரமெல்லாம் அமோஸ் வெறும் தொப்பியோடு வேலியருகே நின்றான். ஊரில் நூறு வீடுகளில் ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டு கேட்டது. சட்டத்தை மதித்த ஒரே வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

"நான் எழுதாம இருந்திருக்கணும்" என்றாள் லவினியா.

"எழுதுனது நல்ல கையெழுத்து" என்றான் அமோஸ். அவனுக்குக் கோபப்படவும் மூச்சு வேண்டியிருந்தது; அதை அவன் வேறு எதற்கோ சேமித்து வைத்திருந்தான்.

மே கடைசியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கேப்டன் பார்மிட்டர். கடற்படையில் இருந்தவர். அவருக்கு முன்னால் ஒரு தட்டில், தலையில்லாத தொப்பி.

"இந்த அலுவலகத்தைப் பத்தி மக்கள்கிட்ட ஒரு தப்பான எண்ணம் இருக்கு" என்று ஆரம்பித்தார். "நாங்க அவங்க கேக்கறதுக்கு உதவி பண்றோம்னு நினைக்கறாங்க. இல்ல. யார் கேக்கறாங்கங்கறது எங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். கேக்கறது அவங்க பாடு. வீட்டுல இருக்கற ரேடியோவை நாங்க நம்பறோம். ஏன்? வீடு ஓடாது. ராத்திரி ஒரு மணிக்குப் போனாலும் அதே இடத்துல இருக்கும். மனுஷன் அப்படியா? மனுஷன் தெருமுனை திரும்பினா அலுவலகத்துக்கு அவன் இருக்கானா இல்லையான்னே தெரியாது. நான் இந்த நாற்காலிக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, அம்மா. இதுவரைக்கும் ஒரு தடவைகூட ரேடியோ கேட்டதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையாத் தீர்ப்பு சொல்ல முடியுது."

வலப்பக்கம் இருந்தவர் தலையாட்டினார். இடப்பக்கம் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் நடுநிலையாகத்தான் தெரிந்தார்.

"கட்டடத்துல பொருத்தாத ரேடியோவுக்குச் சட்டத்துல ஒரே ஒரு வகைதான் இருக்கு" என்றார் கேப்டன். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு கனிவு வந்தது. "கப்பல்."

அமோஸ் இருமினான். இருமலா சிரிப்பா என்று லவினியாவால் பிரிக்க முடியவில்லை.

இப்படியாக, கடலிலிருந்து நாற்பது மைல் தள்ளி இருந்த ஹெப்பிள்டனுக்கு ஒரு கப்பல் கிடைத்தது. முத்திரை உடைக்கப்பட்டது. கப்பல் அனுமதியோடு எண்பத்து நான்கு பக்க விதிப்புத்தகமும் வந்தது. லவினியா அதை மூன்று மாலைகளில் இரண்டுமுறை படித்தாள், மற்றப் பெண்கள் காதல் கதை படிப்பதுபோல. கப்பலின் பெயர் இரண்டு பக்கமும் தெரியும்படி எழுதப்பட வேண்டும். சொந்தத் துறைமுகம் வேண்டும். அதற்கு ஊர்க் கால்வாயின் மதகுக்காரர் கையெழுத்துப் போட்டார், அவருக்கு அது பெருமை. பயணப் பதிவேடு வேண்டும். மிதவை வளையம் ஒன்று வேண்டும். ரேடியோ இயக்குபவர் களைத்தால் மாற்றிவிட இன்னொருவர் வேண்டும்.

"இருபத்தாறு வருஷமா நீதான் கேப்டன்னு நினைச்சேன்" என்றான் அமோஸ், அவள் தன் பெயரைத் துணை மாலுமிக்கான கட்டத்தில் எழுதுவதைப் பார்த்து.

"காகிதத்துல நீதான். கப்பலுக்குப் பேர் சொல்லு."

"லவினியா."

"என் பேர் எதுக்கு?"

"எப்பவும் தலைமேலதான உக்காந்திருக்கே? வேற என்ன பேர் வைக்கறது?"

வெள்ளைச் சாயத்தில் இரண்டு பக்கமும் எழுதினான். வலப்பக்கத்தில் இடம் போதாமல் "லவினி" என்று நின்றது. விதிப்படி அது குற்றம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவன் எழுதிவிட்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் கண்டும் காணாமல் விட்ட முதல் குற்றம் அது.

ஜூன் இருபத்தொன்று. அரைமணி நேர மேட்டை ஏற இப்போது ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பெரிய வெள்ளை மிதவை வளையத்தை லவினியா தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். வழியில் பார்த்த எல்லோரும் வெள்ளம் வரப்போகிறதா என்று கேட்டார்கள். வேலியின் மூன்றாவது கம்பத்தருகே கொக்கியை மாட்டி, கைத்தடியை மண்ணில் குத்தி, பூனைமீசையைத் தடவித் தடவி இடம் பிடித்தான் அமோஸ். ஏழு இருபத்தெட்டு. அவன் முகம் மாறியது. "வருது" என்றான்.

அப்போது மேட்டின் விளிம்பில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு அதன் கீழே கிரிம்ஷா.

"கப்பலைச் சோதனை போட வந்தேங்க" என்றார் மூச்சிரைக்க. வளையத்தைப் பார்த்தார், சரி. பதிவேட்டைப் பார்த்தார், சரி. கைத்தடியைப் பார்த்தார். அவர் முகம் வாடியது. "இது மண்ணுல குத்தி இருக்கே."

"குத்தினாத்தான் கேக்கும்" என்றாள் லவினியா.

"அப்படின்னா கப்பல் நங்கூரம் போட்டிருக்கு. நங்கூரம் போட்ட கப்பல்ல ரேடியோ இயங்கக் கூடாதுங்க. ஓடிக்கிட்டு இருக்கணும்."

"ஓடினா தடியை எடுக்கணும். தடியை எடுத்தா கேக்காது."

"எனக்குப் புரியுதுங்க" என்றார் கிரிம்ஷா. அவருக்குப் புரியத்தான் செய்தது. அதுதான் அவருடைய துன்பம். "ஆனா அதுக்குக் கட்டம் இல்ல." அவர் கை பைக்குள் போனது. அரக்கு.

அமோஸ் கைத்தடியைப் பிடித்தபடி அதைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். கப்பல் ஓடுகிறதாம். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றின் பாதியில் முழங்கால் மடங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டான். உதடு நீலமாக இருந்தது. தொப்பி மட்டும் நேராக இருந்தது.

லவினியாவுக்குக் கத்தத் தோன்றியது. அரக்கைப் பிடுங்கி ஆட்டின் மேல் எறியத் தோன்றியது. ஆனால் அவள் எப்படிப்பட்டவளோ அப்படித்தானே அவளால் நடக்க முடியும்? மிதவை வளையத்தைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள்.

"விதி நாப்பத்தொண்ணு, உட்பிரிவு இ" என்றாள். அவள் குரல் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் குரலாக இருந்தது. "ஆபத்தில் இருக்கற கப்பல், எந்த இடத்திலும், எந்த நேரத்திலும், எந்தத் தடையும் இல்லாம ரேடியோவை இயக்கலாம். கேப்டனால கப்பலை ஓட்ட முடியல. துணை மாலுமி நான் சொல்றேன். இந்தக் கப்பல் ஆபத்துல இருக்கு."

கிரிம்ஷா தன் புத்தகத்தைப் புரட்டினார். நின்றபடியே படித்தார். காற்று பக்கங்களைத் திருப்பப் பார்த்தது.

"இருக்குதுங்க" என்றார் கடைசியில். அவர் கண்ணில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. "ஆனா அடுத்த வரி படிச்சீங்களா? பக்கத்துல இருக்கற அதிகாரி, ஆபத்து நீங்கற வரைக்கும் கூடவே நின்னு உதவணும்."

"படிச்சேன். அந்த ஆட்டை வேலியிலேர்ந்து ஓட்டுங்க."

அனுமதி அலுவலகத்தின் ஆய்வாளர் பையைக் கீழே வைத்துவிட்டு ஆடுகளை விரட்டினார். கீழேயிருந்து ஜேபஸ் கத்தினான்: "என்னய்யா பண்றீங்க என் ஆட்டை?"

"கப்பல் மூழ்குது!" என்றார் கிரிம்ஷா, கையை வீசி.

"என் வேலிமேல மூழ்காம பாத்துக்கோங்க!"

அமோஸ் புல்லில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் காதில் வைத்தான். இரண்டு தலைகளும் ஒட்டினாற்போல இருக்க வேண்டியிருந்தது. கம்பி அவ்வளவுதான் நீளம். தூரத்தில், மணல் கொட்டுவதுபோன்ற சத்தத்துக்கு அடியில், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் பாடினார்கள். பெண்குரல்கள் ஏறின. அவன் உதடுகள் அசைந்தன; சத்தம் வரவில்லை.

"அடிக்குரல்ல ஒரு ஆள் குறையுது" என்றான்.

"தெரியுதா?"

"எனக்குத் தெரியுது." சற்றுப் பொறுத்து, "ஆனா மோசமில்ல. சமாளிக்கறாங்க."

கிரிம்ஷா மெல்ல அருகே வந்தார். "ஆபத்து நீங்கிடுச்சுங்களா?"

"இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு" என்றான் அமோஸ்.

அவர் திரும்பி ஆடுகளிடம் போனார்.

கப்பல் நவம்பரில் போனது. முறைப்படி அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், லவினியா தெரிவித்தாள். அடக்கம் முடிந்த நான்காம் நாள் ஒரு படிவம் வந்தது. கப்பல் இழப்பு அறிக்கை. அவள் மேசையில் உட்கார்ந்து மையைத் தொட்டாள். அழுதுகொண்டே எழுதினால் கையெழுத்துக் கெட்டுவிடும் என்று முதலில் அழுது முடித்துவிட்டு எழுதினாள்.

இழந்த இடம்: வீட்டின் பின்னறை, ஜன்னலோரம். வானிலை: மழை. எச்சரிக்கை விடப்பட்டதா: ஆம், டாக்டரால். கப்பலில் இருந்தவர்கள்: இருவர். இழந்தவர்கள்: ஒருவர். காப்பாற்றப்பட்டவர்கள்: ஒருவர்.

அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது பேனா சற்று நின்றது. கேள்விக்கு உண்மையான பதில் அதுதானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை.

எந்தப் படிவத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட வரலாறு அந்த அலுவலகத்துக்கு இல்லை. பிப்ரவரியில் கடிதம் வந்தது. கேப்டன் பார்மிட்டரின் கையெழுத்து. கப்பலை இழந்த நாளோடு அதன் அனுமதி முடிவுக்கு வந்தது. இனி கருவியை யார் இயக்கினாலும் குற்றம். மேலும், "காப்பாற்றப்பட்டவர் தற்போது எங்கே இருக்கிறார், எந்த நிலையில் இருக்கிறார் என்பது தெளிவுபடுத்தப்படவில்லை. தெரிவிக்கவும்."

லவினியா அந்தக் கடிதத்தை டீ டப்பாவின் அடியில் வைத்தாள். பிப்ரவரி போனது. மார்ச் போனது. நினைவூட்டல் வந்தது. இரண்டாவது நினைவூட்டல் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கே இருக்கிறாள்? எந்த நிலையில்? சமையலறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. வேறு யாரும் அதை அவளிடம் அவ்வளவு நேரடியாகக் கேட்டிருக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு மாலை ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தாள். அது காதுவரைக்கும் இறங்கியது. உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்தாள். கைத்தடியை எடுத்தாள். மிதவை வளையத்தை எடுக்கவில்லை. நடுத்தெரு வழியாகவே போனாள்.

"லவினியாம்மா, அதுக்குச் சீட்டு இருக்கா?" என்றான் ஜேபஸ், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"இல்ல" என்றாள்.

ஜேபஸ் ஆட்டை வேலியிலிருந்து தள்ளிக்கொண்டு போனான்.

கொக்கியை மாட்டினாள். தடியைக் குத்தினாள். பூனைமீசை இடம் பிடிக்கக் கால்மணி நேரமானது. அவள் விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து கேப்டன் பார்மிட்டரின் கடிதத்தை எடுத்து முழங்கால்மேல் விரித்து, பதிலுக்காக விடப்பட்டிருந்த இடத்தில், பென்சிலால், தன் நல்ல கையெழுத்தில் எழுதினாள். அனுப்பினால் அபராதம் வரும், தொப்பி போகும் என்று தெரிந்துதான் எழுதினாள். மறுநாள் காலை தபாலிலும் சேர்த்தாள்.

இருப்பிடம்: புல்மேடு, வேலியின் மூன்றாவது கம்பம். நங்கூரம் போட்டிருக்கிறது.

நிலை: ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.